ஏழாம் படுக்கைக்குத் திரும்பிப் போகாத மூன்று மணி நேரம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். 2021 மே மாதம், தமிழகத்தில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் கொரோனா உறுதியான அந்த வாரத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. பன்னிரண்டு படுக்கைகளுக்கு நாங்கள் இரண்டு பேர். நள்ளிரவு கடந்து முப்பது வயதுப் பெண் ஒருவரை மூச்சுத்திணறலோடு கொண்டுவந்தார்கள். ஹை ஃப்ளோ ஆக்சிஜன் கருவி ஒன்றுகூட மீதியில்லை. ஏழாம் படுக்கையில் இருந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு, அவருடைய கருவியை எடுத்து இந்தப் பெண்ணுக்குப் போடுங்கள் என்று பணி மருத்துவர் தொலைபேசியில் சொன்னார். அறுபதை நெருங்கிய அந்த மீனவருக்கு நல்ல நினைவு இருந்தது. "எடுக்க வேண்டாம் சிஸ்டர்" என்றார். "வேற மிஷின் வந்துட்டிருக்கு, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லி, சாதாரண மாஸ்க்கை மாட்டிவிட்டு வந்தேன். எந்தக் கருவியும் வரவில்லை. விடியும் முன்னே அவர் இறந்தார்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் எப்படி இருந்தேன் என்பதை நீட்டி எழுத விரும்பவில்லை. தூக்கம் போயிற்று, கோபம் வந்தது, திருப்பலிக்குப் போனாலும் நற்கருணை வாங்காமல் பின்வரிசையிலேயே இருந்துவிடுவேன். சொல்லிப் பார்க்காமலும் இல்லை. உடன் பணிபுரிந்தவர்கள் "உன் மேல தப்பே இல்ல" என்றார்கள். பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குத்தந்தை, அது பாவமே அல்ல, கடமை என்று அன்போடு சொன்னார். அவர்கள் எல்லாரும் நல்ல மனதோடு சொன்னவைதாம். ஆனால் குற்றம் இல்லை என்று கேட்கும் ஒவ்வொரு முறையும் அந்த மனிதரின் முகத்தை யாரோ துணி போட்டு மூடுவது போல இருந்தது. பிறகு சொல்வதையே விட்டுவிட்டேன்.

2023இல், மானிட்டரின் அலார ஒலி கேட்டதும் கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். மாத்திரையால் தூக்கம் திரும்பியது. அது இல்லாமல் அடுத்த படியில் கால் வைத்திருக்க முடியாது என்பதால், மாத்திரையை இகழ்ந்து பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அலாரத்தைக் கண்டு அஞ்சும் நடுக்கமும் பயிற்சிகளால் குறைந்தது. மீதி அப்படியே இருந்தது. அந்த மருத்துவரே இதைக் கவனித்து, "உங்களுக்கு இருக்கிறது பயம் மட்டுமில்லை" என்று சொல்லி ஒரு மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாவிடம்தான் 'மாரல் இன்ஜுரி' என்ற சொல்லை முதலில் கேட்டேன். அவர் அதை அறக்காயம் என்று தமிழில் சொன்னார். வியட்நாம் போரில் இருந்து திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1990களில், உயிர் போகும் நேரத்தில் அதிகாரத்தில் இருப்பவரே நியாயத்தைக் கைவிடுவதால் ஏற்படும் காயமாக அதை விளக்கினாராம். 2009இல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், ஒருவர் தம் மனச்சாட்சிக்கு மாறாகத் தாமே செய்தது, தடுக்கத் தவறியது, கண்ணால் கண்டது ஆகியவற்றையும் அதில் சேர்த்தார்கள். மருத்துவமனைகளில் பணிபுரிவோருக்கும் இது பொருந்தும் என்ற பேச்சு கொரோனாவுக்கு முன்பே எழுந்துவிட்டது. இது தனி நோயாக வகைப்படுத்தப்பட்டதல்ல என்பதையும் அவர் மறைக்கவில்லை. என் கோப்பில் மனச்சோர்வு என்றே எழுதியிருந்தது. பயத்தால் வந்த காயத்துக்கு, ஆபத்து நீங்கிவிட்டது என்பதை மனம் மெல்லக் கற்றுக்கொள்வதே மருந்து. குற்ற உணர்வால் வந்த காயத்திடம் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதில் பொருளில்லை என்றார். இரண்டு ஆண்டுகளில் என்னை யாரோ புரிந்துகொண்டதாகத் தோன்றியது அப்போதுதான்.

மொத்தம் பதினொரு அமர்வுகள். முதல் மூன்றில் அந்த இரவை மணிவாரியாக எழுதி, அவர் முன்னே உரக்க வாசித்தேன். நான்காவதில் ஒரு தாளில் வட்டம் வரையச் சொன்னார். அந்தச் சாவுக்குக் காரணமென நான் நினைப்பவை ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு துண்டு ஒதுக்க வேண்டும். என் துண்டைக் கடைசியில்தான் போட வேண்டும். நோய்க்கு ஒரு துண்டு, கருவிப் பற்றாக்குறைக்கு ஒன்று, தாங்கும் எண்ணிக்கைக்கு மேல் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட நிர்வாகத்துக்கு ஒன்று, தொலைபேசியில் முடிவெடுத்தவருக்கு ஒன்று. இவ்வளவும் போன பிறகு எனக்கு மிஞ்சியது மெல்லிய ஒரு கீற்று. அதைக் காட்டி, "பார்த்தீர்களா, உங்கள் தவறு இவ்வளவுதான்" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சினேன். அவர் அப்படிச் சொல்லாமல், "இந்தக் கீற்றில் என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

அதற்கு விடை சொல்ல எனக்கு அந்த அமர்வு முழுவதும் ஆயிற்று. கருவியை எடுத்தது அதில் இல்லை. அவரிடம் பொய் சொன்னது இருந்தது. அதைவிடப் பெரிதாக, பொய் சொல்லிவிட்ட வெட்கத்தால், அவர் இறக்கும் வரை ஏறத்தாழ மூன்று மணி நேரம் மற்றப் படுக்கைகளுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்த நான் ஏழாம் படுக்கையின் பக்கம் மட்டும் போகாமல் ஒதுங்கியதும் அதில் இருந்தது. அதை அன்றுவரை எனக்கே நான் சொல்லிக்கொண்டதில்லை.

பிந்தைய அமர்வு ஒன்றில், என் அறத்தை நான் யாரிடம் கற்றேனோ அவரை எதிர் நாற்காலியில் இருப்பதாக எண்ணிப் பேசச் சொன்னார். செவிலியர் படிப்பில் எனக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத ஆசிரியையை நினைத்துக்கொண்டேன். பிறகு இடம் மாறி அமர்ந்து, அவராக இருந்து எனக்குப் பதில் சொல்ல வேண்டும். "போகாம இருந்தது தப்புதான்" என்று அவர் குரலில் நானே சொன்னேன். "ஆனா அதுக்காக நீ இனி எந்தப் படுக்கைக்கும் போகாம இருக்கப் போறியா?" அன்று அழுதது போல் நான் அழுததில்லை.

இறந்தவரின் குடும்பத்தைத் தேடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். என் சுமையை அவர்கள் தலையில் இறக்குவது பரிகாரம் ஆகாது என்று உளவியலாளர் தடுத்தார். இறந்தவருக்கே ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் நோய்தணிப்புச் சேவைக் குழுவோடு வீடுகளுக்குப் போகிறேன். சாகக் கிடப்பவர்களின் அருகில் அமர்ந்து, அவர்கள் கேட்பதற்கு உண்மையான பதில் சொல்கிறேன்.

பணம் கொடுத்துப் பார்க்க இயலாதவர்களுக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசும்போது பயமா, குற்ற உணர்வா என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள். அதைச் சொல்லத் தெரியாததால் எனக்கு நாள்கள் வீணாயின.

வட்டம் வரைந்த தாள் வீட்டு மேசையில் கிடந்தபோது அப்பா அதைப் பார்த்து என்னவென்று கேட்டார். அவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். 1988இல் இந்திய அமைதிப் படையோடு யாழ்ப்பாணத்தில் இருந்தவர். அந்த நாள்களைப் பற்றி எங்களிடம் பேசியதே இல்லை. நான் விளக்கி முடித்ததும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு வீட்டைச் சோதனையிட்டபோது அங்கிருந்த கிழவி தம் முகத்தைப் பார்த்து, தம்பி தமிழோ என்று கேட்டதைச் சொன்னார். "நான் இந்தியில பதில் சொன்னேன் மக்களே" என்றார்.

அதே உளவியலாளரிடம் அவர் இதுவரை இரண்டு முறை போய் வந்திருக்கிறார். உள்ளே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் முறைக்கான தேதியை நாள்காட்டியில் அவரே குறித்து வைத்திருக்கிறார்.