பின்னேர வகுப்பும் பணிஸ் சேரும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கக் கிளை வெளியிடும் மலருக்குக் கட்டுரை கேட்டு ரெலிபோன் எடுத்த செயலாளர், "பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதுங்கோ அண்ணை, சிரிப்பா இருந்தா நல்லது" என்றார். காலைப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிரிப்பாகவும் ஒன்றும் மிஞ்சவில்லை, அழுகையாகவும் மிஞ்சவில்லை. முதல் இருபது மூலகங்கள் மட்டும் இன்னும் வரிசை தப்பாமல் வாயில் வருகின்றன. ஒன்றரைக்கு மணி அடித்த பிறகு நடந்தவைதான் நினைவில் நிற்கின்றன. இது கிளையின் முப்பதாவது ஆண்டு மலர் என்கிறார்கள். போன மாசியில் பணிஸ் சேரும் போய்விட்டார். வேறு எதை எழுதுவது?

அவருடைய பெயரும் பட்டங்களும் அஞ்சலிப் பக்கத்தில் முறையாக வரும். எங்கள் காலத்தில் படித்தவர்களுக்குப் பட்டப்பெயர் போதும். அது அவருக்கும் தெரியும். ஒருநாள் கரும்பலகையில் யாரோ ஒரு பணிஸை (பன்னைத்தான் அப்படிச் சொல்வோம்) கீறி, அதற்கு மூக்குக்கண்ணாடியும் போட்டிருந்தான். சேர் நின்று பார்த்தார். டஸ்டரை எடுத்தார். "மேல சீனி போடேல்லையே" என்று சொல்லிவிட்டு அழித்தார்.

இலவசக் கல்வி 1945இல் வந்தது என்று சமூகக்கல்விப் புத்தகத்தில் படித்தோம். அது ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு முடிகிற இலவசம் என்று புத்தகம் சொல்லவில்லை. ஒன்றரைக்குப் பிறகு ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பு. கிடுகுக் கொட்டில், நீட்டு வாங்கு, ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வாங்குவரை கேட்கிற குரல் உள்ள மாஸ்டர்மார். காசு கட்டினவன் அங்கே போனான். கட்டாதவன் சந்தியில் நின்றான், அல்லது வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்த்தான். காலையில் ஒரே வாங்கில் இருந்த இரண்டு பேர் பதினோராம் வகுப்பு முடிவில் வரும் ஓ.எல். சோதனையில் இரண்டு விதமாக வந்ததற்குக் காரணம் மூளை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சேர் ஒருவர்தான் அதைப் பின்னேரம் என்று சொன்னார். அதற்காகத்தான் பள்ளிக்கூடத்திலேயே காசு வாங்காமல் ஒரு பின்னேர வகுப்பை நடத்தினார்.

சந்தியில் நின்ற பெடியள் பிறகு எங்கே போனார்கள் என்பதை இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னேர வகுப்புக்கு வந்தவர்களிலும் இயக்கத்துக்குப் போனவர்கள் உண்டு. வகுப்பு எல்லோரையும் பிடித்து வைத்தது என்று எழுதினால் அது பொய். ஆனால் மூன்றரையிலிருந்து இருட்டும்வரை பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஒரு தாய்க்குத் தெரிந்திருப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமில்லை. எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ அம்மாமார் அந்த மூன்று மணித்தியாலத்தை நம்பித்தான் தோட்ட வேலைக்கும் வெங்காயம் பிடுங்கவும் போனார்கள்.

சேருக்கு ஒரு விதி இருந்தது: முதல் ஒரு மணித்தியாலம் படிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கக்கூடாது. வலைப்பந்தாட்டக் கம்பத்துக்கும் குழாயடிக்கும் நடுவில் கரப்பந்து. மழை என்றால் சின்ன ஹோலில் கரம் (கேரம்) ஆட்டம். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பணிஸும் வெறுந்தேத்தண்ணியும். பணிஸைப் பிடுங்கித் தின்றவனைக்கூட அவர் ஏசியதில்லை. அவனுக்கு வீட்டில் மத்தியானம் சமைக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதை ஒருவரிடமும் கேட்டதில்லை. யார் காசில்லாதவன், யார் தகப்பனில்லாதவன் என்ற பட்டியல் அந்த வகுப்பில் இல்லை. ரியூட்டரிக்குப் போகக்கூடிய டொக்டர் வீட்டுப் பெடியனும் கரப்பந்துக்காக வருவான். அவனும் வரவேண்டும் என்று சேர் விரும்பினார். அவன் வந்தால்தான் அது ஏழைப் பிள்ளைகளின் வகுப்பு என்று ஊர் பெயர் வைக்காது.

படிப்பு என்று சொன்னாலும் சேர் பெரும்பாலும் படிப்பிக்கவில்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். பத்தாம் வகுப்பில் எனக்குக் கிடைத்தது ஏழாம் வகுப்பின் பின்னக்கணக்கு. "சேர், எனக்கே வகுத்தல் வடிவா வராது" என்றேன். "தெரியும். அதுக்குத்தான் உமக்குத் தந்தனான்" என்றார். ஒரு பின்னத்தை இன்னொரு பின்னத்தால் வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று ஏழாம் வகுப்பு வால் ஒன்று கேட்டது. எனக்கு வியர்த்துவிட்டது. அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை. இரவிரவாக யோசித்து, அடுத்த நாள் ஒரு தேங்காய்ப் பாதியை எடுத்து விளங்கப்படுத்தினேன். இன்று நான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்யும் கணக்கியல் வேலை அந்தத் தேங்காய்ப் பாதியில் தொடங்கியதென்று மனைவிக்குச் சொன்னால், தேங்காயை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறா. தின்றோம்.

1990 ஆனியில் யுத்தம் திரும்பத் தொடங்க, யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது. பொருளாதாரத் தடையில் மா தட்டுப்பாடு. பணிஸ் நின்று, அவித்த கடலையும் மரவள்ளிக்கிழங்கும் வந்தன. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை. பெரிய பிரச்சினை வெளிச்சம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, அதில் ஊறிய கொஞ்ச மண்ணெண்ணெய், கம்பியில் நிறுத்திய திரி: அந்தச் சிக்கன விளக்கைச் சுற்றி ஆறு தலைகள் முட்டிக்கொள்ளும். கடைசியில் மண்ணெண்ணெய் விலை அதற்கும் விடவில்லை. வகுப்பு ஆறு மணியோடு முடியத் தொடங்கியது. மழைக்காலத்தில் அதற்கும் முன்னமே.

1993இல் லண்டனிலிருந்து ஒரு பழைய மாணவர் வந்தார். கொழும்பு வந்து, கடற்படை சுடும் ஆபத்துள்ள கிளாலிக் கடலால் இரவு வள்ளத்தில் வந்தவர். அந்தத் துணிவுக்கு இன்றும் மரியாதை உண்டு. பெரிய ஹோலில் கூட்டம். கழுத்தில் கமரா. அதிபர் பேசினார், வந்தவர் பேசினார். பிறகு சேர் ஒலிவாங்கிக்கு முன் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மேடைக்குப் போனேன். பரிசு ஏதோ என்று நினைத்துச் சேர்ட்டை உள்ளே விட்டுக்கொண்டு போனேன். சேர் என் தோளில் கை வைத்துக்கொண்டு சபையைப் பார்த்துச் சொன்னார்: "இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. கடலுக்குப் போனவர் திரும்பேல்லை. தாய் தோசை சுட்டு வித்துத்தான் நாலு பிள்ளையளை வளர்க்கிறா. பின்னேர வகுப்பு இல்லாட்டி இவன் இண்டைக்கு றோட்டில." ஹோல் உச்சுக்கொட்டியது. உச்சுக்கொட்டும் சத்தம் அத்தனை பேரிடமிருந்து ஒரேயடியாக வரும்போது எப்படி இருக்கும் என்பது மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். கமரா மின்னியது. முன்வரிசையில் டொக்டர் வீட்டுப் பெடியன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் குனிந்ததுதான் எனக்கு அதிகம் சுட்டது.

நான் வீட்டுக்குப் போவதற்கு முன்னமே செய்தி போய்விட்டது. அம்மா அடுப்படியில் இருந்து திரும்பாமலே கேட்டா: "தோசையெண்டோ சொன்னவர்?"

"ஓம்."

"நான் சுடுறது அப்பம். நாலு பிள்ளையைக் காட்டிக் காசு கேக்கிற மனுசனுக்கு அப்பத்துக்கும் தோசைக்கும் வித்தியாசம் தெரியேல்லை." பிறகு ஒரு மாதிரியான குரலில், "இனி உந்த வகுப்புக்குப் போக வேண்டாம்" என்றா.

போகவில்லை. சந்தியில் நின்றேன். சில கிழமை கழித்து ஒரு விடியப்புறம் சேர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் படலைக்குள் வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "ரெண்டு வெள்ளையப்பம், ஒரு பாலப்பம்" என்றார். திண்ணையில் இருந்து தின்றார். காசை எண்ணி வைத்தார். "அப்பம் நல்லாயிருக்கு" என்று அப்பம் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அவருக்கு வீட்டில் காலைச் சாப்பாடு இல்லாமலில்லை. ஒருநாள் அம்மாவே என்னிடம், "பின்னேரம் சும்மாதானே நிக்கிறாய், போவன்" என்றா. நான் திரும்பிப் போனபோது வகுப்பில் இரண்டு பெற்றோமாக்ஸ் எரிந்துகொண்டிருந்தது. லண்டன்காரர் கொடுத்த காசு. எட்டு மணிவரை படித்தோம். நான் மேடையில் நின்றது ஒரு தவணைக்குப் போதுமான மண்ணெண்ணெயாக மாறியிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் என் ஓ.எல். கணிதமும் பாஸானது. கணக்கு நேராகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் இன்னும் சமன் வரவில்லை.

1995 மாசியில், யுத்தநிறுத்தம் இருந்தபோதே நான் கொழும்புக்குப் புறப்பட்டேன். மாமா கனடாவிலிருந்து அலுவல் பார்த்திருந்தார். சொல்லிக்கொள்ளப் போனபோது சேர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "ஏழாம் வகுப்புக்குப் பின்ன வகுத்தல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். பாதியில் நின்றது. "சரி, அதை ஆரும் பாப்பினம்" என்றார். யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்க, வலிகாமப் பகுதிச் சனமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சேர் சாவகச்சேரியில் ஒரு மாமரத்தடியில் பிள்ளைகளை இருத்திப் பின்னேர வகுப்பை நடத்தினார் என்று கூடப் படித்தவன் பிறகு கடிதம் போட்டான். கரும்பலகை இல்லை, பெரிய வகுப்புப் பெடியளும் குறைவு என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதம் வரும்போது நான் ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில் இரவு வேலை. பெரிய வகுப்புப் பெடியள் எங்கே போனார்கள் என்று அவன் எழுதவில்லை. ஒருவன் டோனட் கடையில் நின்றான்.

பழைய மலர்களைத் தட்டியபோது ஒருநாள் என்னையே கண்டேன். லண்டன் கிளையின் இதழ் ஒன்று. கறுப்பு வெள்ளைப் படம். உள்ளே விட்ட சேர்ட், தோளில் ஒரு கை. கீழே, "யுத்தத்தால் பாதிக்கப்பட்ட வறிய மாணவர் ஒருவர்." பெயர் இல்லை. அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

இப்போது நான் கிழமையில் இரண்டு பின்னேரம் எங்கள் பக்கத்து மாடித்தொகுதியின் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கும் வீட்டுப்பாட வகுப்புக்குப் போகிறேன். இங்கே பள்ளிக்கூடம் மூன்றரைபோல விடும், தாய் தகப்பன் வேலையால் வர ஆறரை ஏழு. சோமாலிப் பிள்ளை, ஆப்கான் பிள்ளை, எங்கட பிள்ளை எல்லாம் அந்த இடைவெளியில் நிற்கின்றன. இந்த நாட்டில் இதற்குப் பெரிய உதாரணம் ரொறொன்ரோவின் ரீஜன்ட் பார்க். அரசாங்கக் குடியிருப்பு. அங்கிருந்த சமூகச் சுகாதார நிலையம் 2001இல் தொடங்கிய திட்டத்தில் பின்னேரப் பாடம், பஸ் ரிக்கற், வீட்டோடும் பள்ளிக்கூடத்தோடும் பேச ஒரு ஆள், படிப்பை முடித்தால் மேற்படிப்புக்கு உதவித்தொகை எல்லாம் ஒன்றாக இருந்தன. உயர்பள்ளியை முடிப்பவர்களும் மேலே படிக்கப் போகிறவர்களும் அதனால் நன்றாகக் கூடினார்கள் என்று ரொறொன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவிலோ மத்திய அரசாங்கம் பெருங்காசு கொட்டிய பின்னேர நிலையங்களை 2003 முதல் 2005 வரை வெளிவந்த அறிக்கைகள் ஆராய்ந்தன. பிள்ளைகள் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக உணர்ந்தார்கள், புள்ளிகள் மட்டும் ஏறவில்லை. கதவைத் திறந்து விட்டால் போதாது, உள்ளே ஒரு ஒழுங்கும், பிள்ளையை அறிந்த ஒரு மனிதரும் வேண்டும் என்றுதான் இரண்டையும் சேர்த்து வாசித்தால் எனக்குப் படுகிறது. இருட்டினதும் சின்னப் பிள்ளைகளைச் சைக்கிள் பாரில் ஏற்றி வீடு வீடாக இறக்கிவிட்டுப் போன சேருக்கு இந்த அறிக்கைகள் தேவைப்படவில்லை.

ஆனால் விண்ணப்பப் படிவம் அவருக்கும் இருந்தது, எனக்கும் இருக்கிறது. வருடாவருடம் மானியத்துக்கு எழுதும்போது, ஆபத்தில் உள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு பெட்டி. ஒரு பிள்ளையின் கதையைச் சுருக்கமாகத் தருக என்று இன்னொரு பெட்டி. படம் இணைக்கலாம். நான் அந்தப் பெட்டியை நிரப்ப எடுக்கும் நேரத்தைப் பார்த்து, கூட வேலை செய்யும் பிள்ளைக்குச் சினம்.

2003இல், யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதி திறந்த அடுத்த வருடம், ஊருக்குப் போனேன். சேர் ஓய்வு பெற்றுவிட்டார். திண்ணையில் சாய்மனைக் கதிரை. ஒழுங்கை முழுக்க ரியூட்டரி விளம்பரம், தகரக் கொட்டில்கள், பள்ளிக்கூட மைதானத்தில் பின்னேரம் நாலு ஆடு. அம்மாவின் அப்பத்தை விசாரித்தார். பல வருடமாக உள்ளே கிடந்ததை அப்போதுதான் கேட்டேன். "சேர், அண்டைக்கு மேடையில என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மண்ணெண்ணெய் போத்தல் என்ன விலை வித்தது எண்டு தெரியுமோ உமக்கு?" என்றார்.

"தெரியும் சேர்."

"பிறகென்ன கேள்வி? தேத்தண்ணியைக் குடியும்."

இனி கிளைக்கு வருகிறேன். கல்லூரி வாசலுக்குச் சலவைக்கல் வளைவு கட்டி, நன்கொடையாளர் பெயர்களை அதில் பொறிக்கலாம் என்று போன பொதுக்கூட்டத்தில் பேச்சு. வளைவு வடிவாகத்தான் இருக்கும். நான் வேறொன்று கேட்கிறேன். அதே காசில் இரண்டு இளம் ஆசிரியர்களுக்குப் பின்னேரக் கொடுப்பனவு, ஆறாம் வகுப்பிலிருந்து ஓ.எல். வரை பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, ஒரு கரப்பந்து வலை. அதிபருடன் பேசிவிட்டேன். ஹோல் தரத் தயார், வாயிற்காவலருக்கு மேலதிக நேரக் காசு யார் கொடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டோடு கணக்கறிக்கை நான் தருவேன், அது என் தொழில். பிள்ளைகளின் படம் தரமாட்டேன். படம் இல்லாமல் காசு சேராது என்று பொருளாளர் தம்பி சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அப்படியென்றால் 1993ஆம் ஆண்டுப் படத்தையே இன்னொருமுறை போடுங்கள். அதில் நிற்கிறவன் சம்மதம் தந்திருக்கிறான். கீழே "தாய் அப்பம் சுட்டு விற்றவர்" என்று திருத்திப் போடவும்.