பீட்டர்ஹோஃப்: மேலிருந்து இறங்குங்கள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில் இருக்கிறது பீட்டர்ஹோஃப், நீரூற்றுகளுக்குப் பேர்போன ரஷ்ய அரண்மனை. நகருக்குள் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தை ஒட்டிய படகுத்துறையில் ‘மெத்தியோர்’ என்ற வேகப்படகில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் அரண்மனைப் பூங்காவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். குழந்தை குட்டிகளோடு வருகிறவர்கள் அதிகமும் இப்படித்தான் வருகிறார்கள். ஆனால் போகும்போது பஸ்ஸோ ரயிலோ, திரும்பும்போது படகு என்று மாற்றிப் போடுவதுதான் நல்லது. படகில் வந்தால் இடத்தின் கடைக்கோடியில் இறங்கி, கடைசியில் அரண்மனைக்கு மேடேற வேண்டியிருக்கும். தரைவழியே வந்தால் மேலே தொடங்கிக் கடலை நோக்கி இறங்கிக்கொண்டே போகலாம். பெரியவர்களின் முழங்காலுக்கு இதுதான் நல்லது. இன்னொன்றும் உண்டு: இந்த இடத்தில் தண்ணீர் வருவதும் அதே வழியில்தான்.

தரைவழிக்கு இரண்டு வாய்ப்புகள். அவ்தோவா மெட்ரோ நிலைய வாசலிலிருந்து பஸ் கிடைக்கும். ‘ஃபன்தானி’, அதாவது நீரூற்றுகள் என்ற நிறுத்தத்தில் இறங்கினால் மேல்தோட்டம் பக்கத்திலேயே இருக்கும். சாலை நெரிசலில் சிக்கினால் இந்தப் பயணம் ஒன்றரை மணி நேரம்கூட இழுக்கும். பால்தீஸ்கி ரயில் நிலையத்திலிருந்து புறநகர் மின்ரயில் சுமார் 40 நிமிடம். அதில் நோவி பீட்டர்ஹோஃப் நிலையத்தில் இறங்கி உள்ளூர் பஸ்ஸில் பத்து நிமிடம் போக வேண்டும். அடுத்து வருவது ஸ்தாரி பீட்டர்ஹோஃப். நோவி என்றால் புதிய, ஸ்தாரி என்றால் பழைய. ‘பழைய’ என்ற பெயரைப் பார்த்து அரண்மனை அங்கேதான் இருக்கும் என்று இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. அது பல்கலைக்கழக வளாகத்தின் பக்கம்.

பஸ்ஸில் போனால் வழியில் ஸ்த்ரெல்னா வரும். ரஷ்யப் பேரரசர் பீட்டர் தன் பெரிய நீரூற்று மாளிகையை முதலில் கட்ட நினைத்தது அங்கேதான், வேலையும் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே தண்ணீரை இயற்கையாகப் போதிய உயரத்துக்குக் கொண்டுவர முடியாது, இறைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்று தெரிந்தது. 1720இல் ரோப்ஷா மேட்டுநிலத்தின் இயற்கை ஊற்றுகளைக் கண்டபிறகு பீட்டரின் கவனம் முழுக்க பீட்டர்ஹோஃப் பக்கம் திரும்பியது. ரஷ்ய நீர்ப்பொறியாளர் வசீலி துவோல்கவ் பொறுப்பில் வெட்டப்பட்ட வாய்க்காலில் 1721இலேயே தண்ணீர் ஓடத் தொடங்கியது. 1723 ஆகஸ்டில் திறப்பு விழா.

சுமார் 22 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வாய்க்கால்களும் குளங்களுமாகத் தண்ணீர் இறங்கி வருகிறது. பம்ப் கிடையாது. மேட்டிலிருக்கும் குளத்து நீர் குழாய்க்குள் இறங்கும்போது அழுத்தம் சேர்கிறது. கீழே குறுகிய வாய் வழியாக வெளிவரும்போது தன் பழைய மட்டத்துக்கே எழும்பப் பார்க்கிறது. குழாயின் உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் இழந்து, அந்த மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகிறது. அவ்வளவுதான் தத்துவம். வெர்சாய் தோட்டத்து நீரூற்றுகளை மிஞ்ச வேண்டும் என்பது பீட்டரின் ஆசை. அங்கே தண்ணீரைப் பெரிய இயந்திரம் வைத்து ஏற்றியும் பற்றாக்குறைதான், எல்லா ஊற்றும் எல்லா நேரமும் ஓடாது. இங்கே ஏறக்குறைய 150 நீரூற்றுகள் பருவம் முழுக்க, தினமும் காலையிலிருந்து மாலைவரை ஓடுகின்றன. இறைப்புச் செலவு இல்லாததுதான் காரணம்.

மேல்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. வெட்டிச் சீராக்கிய மரவரிசைகளுக்கு நடுவே இருக்கும் குளங்களைப் பலர் வெறும் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அரண்மனையை ஒட்டிய இரண்டு சதுரக் குளங்கள் கீழே பாயும் ஊற்றுகளுக்கான தொட்டிகள். பிள்ளைகளை இங்கே நிறுத்தி, குளத்தின் நீர்மட்டத்தையும் அரண்மனையின் அடித்தளத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பிறகு கீழே எதைப் பார்த்தாலும் அவர்களுக்கே விளங்கும்.

நடுவில் நிற்கும் நெப்டியூன் சிலைக்கூட்டம் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகருக்காக 17ஆம் நூற்றாண்டில் செய்தது. அங்கே அதை ஓட்டப் போதிய தண்ணீர் இல்லாமல் கிடங்கிலேயே கிடந்தது. பேரரசர் பால் காலத்தில், 1799இல், இங்கே வந்து நின்றது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் படை அதைக் கழற்றித் திரும்ப ஜெர்மனிக்கே எடுத்துப்போனது. போருக்குப் பின் கண்டெடுத்து மறுபடி கொண்டுவந்தார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் செய்த சிலை, தண்ணீர் இருக்கும் ஊரில்தான் பிழைத்தது.

அரண்மனைக்குக் கீழே கடல்வரை இருக்கும் கீழ்ப்பூங்காவுக்குச் சீட்டு வேண்டும். அது ஒருமுறை நுழைவதற்கு மட்டும். வெளியே வந்துவிட்டால் மறுபடி காசு. சாப்பிட்டுவிட்டு வரலாம், கழிப்பறைக்குப் போய்விட்டு வரலாம் என்றெல்லாம் வாசலைத் தாண்டிவிடாதீர்கள். குழந்தைகளுக்குச் சலுகை உண்டு, வயதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சீட்டு எடுத்துக்கொண்டு 10.40க்கெல்லாம் பெரிய அருவிப்படிக்குக் கீழே, கால்வாய்ப் பாலத்தின் பக்கம் இடம் பிடிக்க வேண்டும். சரியாக 11 மணிக்கு கிளியேர் இசையமைத்த ‘மாநகரத்துக்கு ஒரு கீதம்’ ஒலிக்க, தண்ணீர் திறக்கப்படும். முதலில் சிற்றூற்றுகள் தயங்கித் தயங்கி எழும், கடைசியில் சாம்சன் சிலையின் ஊற்று. மேலே அரண்மனை முற்றத்தின் விளிம்பில் நின்றால் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே கடல்வரை தெரியும், ஆனால் முகத்தில் நீர் அடிப்பது கீழேதான். வளைகுடாக் காற்று அடிக்கடி அரண்மனைப் பக்கம் திரும்பும். கேமராவை மூடிவைக்க ஒரு பிளாஸ்டிக் பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அருவிப்படியில் 64 ஊற்றுகள், 200க்கு மேல் வெண்கலச் சிற்பங்களும் அலங்காரங்களும். இத்தனை தங்கமுலாமுக்கு நடுவே கண் போவது ஒன்றிடம்தான். பைபிளில் வரும் பலசாலி சாம்சன் சிங்கத்தின் வாயைப் பிளக்கிறான், அந்த வாயிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரத்துக்கு நீர்த்தூண் எழுகிறது. சுவீடன் நாட்டுச் சின்னத்தில் சிங்கம் உண்டு. 1709இல் பொல்தாவா போரில் சுவீடனை ரஷ்யா வென்றது புனித சாம்சன் நாளில். அந்த வெற்றியின் 25 ஆண்டு நிறைவை முன்னிட்டு 1735இல் வைத்த சிலை. பிறகு 1802இல் கஸ்லோவ்ஸ்கி வார்த்த புதுச் சிலை வந்தது. இன்று நிற்பது அதுவும் அல்ல. 1941 செப்டம்பரில் ஜெர்மானியப் படை வருவதற்குள் சிறிய சிலைகளை அப்புறப்படுத்தினார்கள், மண்ணில் புதைத்தார்கள். சாம்சனை எடுக்க முடியவில்லை. அது காணாமலே போயிற்று. அரண்மனை எரிந்து சுவராக நின்றது. பழைய புகைப்படங்களை வைத்துச் சிற்பி சீமனவ் மறுபடி உருவாக்க, 1947இல் சாம்சன் திரும்பி வந்தான். இது தெரிந்து பார்த்தால் அந்தத் தங்கப் பளபளப்பு வேறு மாதிரி தெரிகிறது.

அருவிப்படிக்குப் பின்னால் குகை அறைகள் இருக்கின்றன. தனிச் சீட்டு, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். நெருக்கடியான இடம். அரண்மனை அறைகளா, குகையா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு நான் குகையைத்தான் சொல்வேன். ஊற்றுகளுக்குப் போகும் குழாய்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். பழங்கள் வைத்த மேசை ஒன்று உண்டு, கை நீட்டினால் தண்ணீர் பீய்ச்சும்.

அங்கிருந்து கிழக்கே, மோன்பிளேசிர் என்ற சிறு மாளிகையின் பக்கம் நடங்கள். ஆளை நனைக்கும் குறும்பு ஊற்றுகள் இங்கேதான். பிள்ளைகள் கலைந்துபோகும் இடம் இது. குடை மாதிரி ஒரு கூரை, நடுவே பெஞ்சு. உட்கார்ந்தால் குடையின் விளிம்பிலிருந்து 164 தாரைகள் திரைபோல் விழும். உலோகத்தில் செய்த ஓக் மரம் ஒன்று, இலைதோறும் நீர். இன்னோரிடத்தில் கூழாங்கல் பதித்த தரைக்கு அப்பால் பெஞ்சுகள். எந்தக் கல்லில் கால் வைத்தால் தண்ணீர் பீறிடுகிறது என்று குழந்தைகள் மணிக்கணக்காக மிதித்துப் பார்ப்பார்கள், அப்பாக்களும் சேர்ந்துகொள்வார்கள். ரகசியம் கல்லில் இல்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஊழியர், ஆள் அகப்படும் சமயம் பார்த்து வால்வைத் திருப்புகிறார். கொஞ்ச நேரம் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருங்கள். ‘நீர்ப்பாதை’ என்ற நடைபாதையின் இருபுறத் தாரைகள் மட்டும் எப்போதும் ஓடுவதில்லை, மதியம் குறிப்பிட்ட மணிகளில்தான். நேரம் பலகையில் இருக்கும்.

மாற்றுச் சட்டை, துண்டு, இரண்டாவது ஜோடிச் செருப்பு கட்டாயம். ஜூலையிலும் கடற்காற்று குளிரும். நனைந்த சட்டையோடு இரண்டு மணி நேரம் சுற்றினால் மறுநாள் ஓட்டல் அறையில் காய்ச்சலோடு கழியும்.

மோன்பிளேசிர், பீட்டர் மனமார விரும்பிய வீடு. கடல் விளிம்பில், ஒல்லாந்துப் பாணியில், செங்கல்லால் கட்டிய தாழ்வான கட்டடம். மேட்டில் நிற்கும் பெரிய அரண்மனையை இப்போதைய பிரம்மாண்டத்துக்கு வளர்த்தவர் பீட்டரின் மகள் எலிசபெத், கட்டியவர் கட்டடக் கலைஞர் ரஸ்த்ரெல்லி. அப்பாவின் சிறிய வீட்டையும் மகளின் தங்க மண்டபங்களையும் ஒரே நாளில் பார்ப்பது சுவைதான், நேரமிருந்தால்.

பெரிய அரண்மனைக்குச் சீட்டு வாங்குவதில்தான் சிக்கல். கோடையில் தனியாக வருகிறவர்களை எல்லா நேரமும் விடுவதில்லை, சுற்றுலாக் குழுக்களுக்கு ஒதுக்கிய நேரங்கள் குறுக்கே வரும். திங்கட்கிழமையும் மாதத்தின் கடைசிச் செவ்வாயும் விடுமுறை. மற்றச் சிறு மாளிகைகளின் விடுமுறை நாள் வேறு வேறு, ஆகவே எது முக்கியம் என்று முடிவுசெய்து அதற்கேற்ற நாளைப் பிடியுங்கள். உள்ளே போகும்போது முதுகுப்பையையும் கோட்டையும் ‘கர்தெரோப்’ என்ற உடை அறையில் கொடுத்துவிட வேண்டும். காலணிக்கு மேல் ‘பகீலி’ என்ற உறை மாட்ட வேண்டும்.

அறைகளில் செஸ்மா மண்டபத்தில் நில்லுங்கள். 1770இல் துருக்கியக் கடற்படையை ரஷ்யா எரித்த போரைச் சொல்லும் மண்டபம், ஜெர்மானிய ஓவியர் ஹாக்கர்ட் வரைந்த 12 ஓவியங்கள். கப்பல் வெடிப்பது இயல்பாக வரவில்லை என்று தளபதி ஒர்லோவ் குறை சொன்னார். ஓவியரோ அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில், 1772இல், ஊரே வேடிக்கை பார்க்க, ஒரு பழைய போர்க்கப்பலை உண்மையிலேயே வெடிக்கவைத்துக் காட்டினார்கள். அடுத்து, சுவர் முழுக்க இடைவெளியே இல்லாமல் ரோத்தாரி வரைந்த 368 உருவப்படங்கள் தொங்கும் அறை. மற்ற அறைகளைக் கூட்டம் தள்ளுகிற வேகத்திலேயே கடந்துவிடலாம்.

சாப்பாடு: பூங்காவுக்குள் கடைகள் உண்டு, விலை கூடுதல். சைவக்காரர்கள் ‘பெஸ் மியாஸா’, இறைச்சி இல்லாமல், என்று சொன்னால் மட்டும் போதாது. மீனையும் கோழியையும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸ் அல்லது உருளைக்கிழங்கு வைத்த ‘பிரஷ்கி’ என்ற பன், ஜாம் தடவிய ‘பிளினி’ என்ற மெல்லிய தோசை பாதுகாப்பானவை. பிளினி மாவில் முட்டை சேரும். முட்டையும் ஆகாதென்றால் காலையிலேயே ரொட்டியும் பழமும் கட்டிக்கொள்வதுதான் வழி.

பணம்: இந்திய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவுக்குள் வேலை செய்வதில்லை. ரூபிள் நோட்டாகவே கையில் வேண்டும், கழிப்பறைக்குச் சில்லறையும் சேர்த்து. நீரூற்றுகள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரைதான். மலிவு டிக்கெட் கிடைக்கிறதென்று நவம்பரில் வந்தால் வறண்ட தொட்டிகளையும் மரப்பெட்டிக்குள் மூடிவைத்த சலவைக்கல் சிலைகளையும்தான் பார்க்கலாம்.

திரும்பும் படகுச் சீட்டை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். நீரூற்றுகள் நிற்கும் நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் படகுத்துறைக்கு வருவார்கள், வரிசை நீளும். பலத்த காற்றில் அலை எழும்பினால் மெத்தியோர் ஓடாது, அந்த அறிவிப்பு கடைசி நேரத்தில்தான் வரும். அப்போது மொத்தப் பூங்காவையும் குறுக்கே கடந்து, மேடேறி, பஸ் நிறுத்தத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்த ஏற்றத்துக்குக் கால் மணி நேரமும், குடும்பத்தில் யாராவது ஒருவர் கையில் கொஞ்சம் பிஸ்கட்டும் மிச்சம் இருக்கட்டும்.