எல்கேஜிக்கு ஒரு இடம்: காரைக்குடியில் நாங்கள் அலைந்த ஆறு மாதம்

என் மகளுக்கு 2024 ஜனவரியில் மூன்று வயது முடிந்தது. அதற்கு முன்பே, மார்கழிக் குளிரில் விடிகாலை நாலரைக்கு என் வீட்டுக்காரர் ஒரு தனியார் பள்ளி வாசலில் போய் நின்றார். எல்கேஜி விண்ணப்பம் கொடுக்கிற நாள். முதல் நாள் ராத்திரியே செருப்பைப் போட்டு இடம் பிடித்தவர்கள் இருந்தார்கள். விண்ணப்பம் கிடைத்ததே பெரிய சந்தோஷம் அன்றைக்கு.

நான் ஒரு ஆச்சி வீட்டில் பலகாரம் போடும் வேலை பார்க்கிறேன். சீடை உருட்டுவது, மணகோலம் பிழிவது, கல்யாணச் சீர் வந்தால் அதிரசம். மகளும் தூளியில் கிடந்த காலத்திலிருந்து அங்கேதான் வளர்ந்தாள்.

நேர்காணலுக்கு மூன்று பேரும் போனோம். ஒரு மேடம் மஞ்சள் அட்டையைக் காட்டி “வாட் கலர்?” என்றார். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். அவர் தமிழிலும் கேட்டார். “கடலைமாவு” என்றாள். தினமும் அவள் பார்க்கிற மஞ்சள் அதுதான். மேடம் தாளில் ஏதோ குறித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். என்ன படிச்சிருக்கீங்க, வீட்ல இங்கிலீஷ் பேசுவீங்களா, ஹோம்வொர்க் யாரு பாத்துக்குவீங்க? நான் பிளஸ் டூ, அவர் பத்தாவது. ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஒட்டிய பட்டியலில் எங்கள் எண் இல்லை. “நாம படிச்சிருந்தா பிள்ளைக்குக் கிடைச்சிருக்கும்ல” என்று அவர் அன்று ராத்திரி சொன்னது இன்னும் எனக்கு ஆறவில்லை.

பிறகுதான் சட்டத்தை விசாரித்தேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு, சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து 50,000 வரை. ஆனால் அது 6 முதல் 14 வயதுக்கான சட்டம் என்பதால் நர்சரி சேர்க்கைக்கு இந்த விதி பொருந்தாது என்று 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்குத்தானே அந்தப் பாதுகாப்பு அதிகம் வேண்டும்?

எல்கேஜிக்கும் பொருந்துவது, அதே சட்டம் தனியார் பள்ளிகளில் பின்தங்கிய, ஏழைப் பிள்ளைகளுக்குத் தருகிற 25 சதவீத இட ஒதுக்கீடு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது கிடையாது. இதில் நேர்காணல் இல்லை. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். எங்களைப் போன்ற பிற்படுத்தப்பட்டோருக்கும், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் சாதிச் சான்றிதழ் போதும். மற்றவர்கள் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வருஷம் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை இணையத்தில் பதிய அவகாசம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிற பள்ளியாக இருக்க வேண்டும்.

எங்களுக்கு இடி விழுந்தது அந்த ஒரு கிலோமீட்டரில்தான். கழனிவாசலுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகியும் ஆதாரில் பள்ளத்தூர் விலாசமே இருந்தது. முதலில் அதை மாற்றி, பிறகு பாப்பாவின் சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் போட்டு, விஏஓ விடுப்பில் போக, மே 17 ஆகிவிட்டது கையில் வர. இனிப் போடப்போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பொங்கல் முடிந்ததுமே ஆதார் விலாசத்தைப் பாருங்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். பதிந்த பிறகு தருகிற ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

மாதக் கடைசியில் குலுக்கல். 10 இடம், 37 பிள்ளைகள். எல்லோர் முன்னாலும் சீட்டுகளை மடித்து ஒரு எவர்சில்வர் குடத்தில் போட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு பெயரும் படிக்கும்போது யாரோ ஒரு அம்மா அழுதாள். பத்தும் முடிந்தது, நாங்கள் இல்லை. பிறகு எடுத்த காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது.

ஜூன் இரண்டாம் வாரம் போன் அடித்தபோது என் இரண்டு கையிலும் சீடை மாவு. ஆச்சிதான் எடுத்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் சேரவில்லையாம், நாளைக்கே அசல் சான்றிதழோடு வரச் சொன்னார்கள். “கைய அப்பறமா கழுவிக்கலாம், மொதல்ல மாப்பிள்ளைக்குச் சொல்லு ஆத்தா” என்றார்கள் ஆச்சி.

கல்விக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. வேன், சீருடை, புத்தகச் செலவு எங்கள் தலையில்தான். சமாளிக்கிறோம்.

அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்காக ஜனவரியிலேயே எல்லாத் தாளும் தயார் செய்தார். நான்தான் கூடவே அலைந்தேன். 2025 மே மாதம் விண்ணப்பம் திறக்கவே இல்லை. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நிதித் தகராறு. அக்டோபரில் ஒருவழியாகச் சேர்க்கை என்று அறிவிப்பு வந்தபோது, அந்தப் பையன் அங்கன்வாடியில் நாலு மாதம் ஓட்டியிருந்தான்.