நடுவில் மௌனம் இல்லை

மார்ச் 4
ஐசியூவில் அண்ணனுக்கு இன்றும் வாய் வழியாக ஒன்றும் கிடையாதாம். குழாய்தான்.

மார்ச் 5
துணி எடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஸீஸீ டாப் (ZZ Top) என்ற அமெரிக்க ராக் குழுவின் 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' எல்பி இசைத்தட்டு பிளேயரிலேயே கிடக்கிறது. அட்டையை விரித்தால் உள்ளே முழுக்கச் சாப்பாடு. இதே ஹூஸ்டனில் லியோஸ் என்ற மெக்சிகன் உணவகத்துச் சாப்பாடு. 1973இல் உருகிய சீஸ் இன்னும் வழிகிறது. பட்டென்று மூடிவிட்டேன்.

மார்ச் 6
தூக்கம் வரவில்லை, எல்பியைப் போட்டேன். முதல் பாட்டில் ஒருத்தன் நாளெல்லாம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். அது முடிகிற அடியிலேயே இரண்டாவது பாட்டு தொடங்கிவிடுகிறது, மூச்சு விட இடமில்லை. டேப்பை வெட்டி ஒட்டியபோது நடுவில் இருந்த மௌனமும் சேர்ந்து போய்விட்டதாம். கேட்க நன்றாக இருக்கவே விட்டுவிட்டார்களாம். அண்ணன் நூறு தடவை சொன்ன கதை. இப்போது அமெரிக்க ரேடியோவில் இரண்டையும் பிரிக்காமல்தான் போடுகிறார்கள். எங்களுக்கோ இங்கே நடுவில் இருப்பது மட்டும்தான் இருக்கிறது.

மார்ச் 7
அதேதான்.

மார்ச் 9
அதே எல்பியில் 'லா கிராஞ்ச்' பாட்டின் தொடக்கத்தில் குழுவின் டிரம்மர் ஃபிராங்க் பியர்ட் டிரம்ஸின் விளிம்பில் மட்டும் டிக் டிக் என்று தட்டுவார். ஐசியூ மானிட்டரைப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது. கிட்டார் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் வழி: ஒரே இடத்தில் நின்று சுற்றும், நகராது, ஆனால் கால் ஆடும். அதுதான் பூகி. மூன்றாவது ஆல்பத்தில்தான் இவர்களுக்கு விடிந்தது. பில்போர்ட் என்ற அமெரிக்கத் தரவரிசையில் ஆல்பம் 8ஆம் இடம். இந்தப் பாட்டு முதல் நாற்பதுக்குள் வராமல் 41இல் நின்றுவிட்டது. 'ஒரே ஒரு படி!' என்று சொந்தக்காரன் தேர்தலில் தோற்ற மாதிரி அண்ணன் புலம்புவான். ஜூலையில் ஆல்பம் வந்தது. பாட்டில் வரும் அந்த விலைமாதர் விடுதியை ஆகஸ்டில் இழுத்து மூடிவிட்டார்கள்.

டாக்டர் இன்றும் 48 மணி நேரம் என்றார். போன வாரமும் 48தான்.

மார்ச் 10
அண்ணி நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

மார்ச் 11
அதே ஆல்பத்தின் பழைய சிடியை லேப்டாப்பில் போட்டு அண்ணன் காதில் இயர்ஃபோன் வைத்தேன். எண்பதுகளில் சிடிக்காக டிரம்ஸில் எதிரொலியைக் கொட்டிக் கெடுத்த பதிப்பு. 2006இல்தான் பழைய மிக்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். இதைக் கேட்டால் எழுந்து திட்டுவான். திட்டட்டும் என்றுதான் வைத்தேன்.

மார்ச் 12
புருவம் சுருங்கியது. அண்ணியும் பார்த்தார்.

மார்ச் 13
நாளை ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்களாம். ஸ்பூனை வீட்டிலிருந்து கொண்டுபோகலாமா? கேட்க வேண்டும்.