பிரைமரி கீ வரம்பில் நான் இழந்த மதிப்பெண்கள்

மொரீசியஸில் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்பில் கணினியியல் படித்த நான், தரவுத்தளத் தாளை இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று. முதல் முறை என்னைக் கவிழ்த்த வினா பார்வைக்கு மிக எளியது: 50,000 பதிவுகள் உள்ள அட்டவணையை ஆயிரம் ஆயிரமாக எடுத்துச் செயலாக்கக் கட்டளை எழுதுக. பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் திறவு; இங்கே ஓர் எண்) 1 முதல் 1,000 வரை, 1,000 முதல் 2,000 வரை என்று, இரு எண்களுக்கு இடைப்பட்டவற்றைக் கேட்கும் பிட்வீன் போட்டு எழுதி, ஐம்பது சுற்றில் வேலை முடியும் என்று துணிந்து குறிப்பிட்டேன்.

அதில் முதல் பிழை சிறியது. பிட்வீன் இரு முனை எண்களையும் சேர்த்தே எடுக்கும்; ஆகவே 1,000ஆம் எண் இரண்டு சுற்றிலும் வரும். தொடக்க எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருந்து, அதோடு முடிவு எண்ணுக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதிவிட்டால் இச்சிக்கல் எழாது.

இரண்டாவது பிழைதான் பெரியது. அது எனக்குப் புரிந்த இடம் கோயில். தைப்பூசக் காவடிக்குப் பெயர் பதியும் நாட்களில், குவாத்ர் போர்னில் எங்கள் வீட்டருகே உள்ள கோயிலுக்கு உதவப் போயிருந்தேன். கடைசி ரசீதின் எண் 640; எண்ணிப் பார்த்தால் செல்லுபடியானவை 587 மட்டுமே. தவறாக எழுதிக் கிழித்தவையும் பின்னர் ரத்தானவையும் போக மிஞ்சியது அவ்வளவுதான். “நம்பரைப் பார்க்காதே தம்பி, அடிக்கட்டையை எண்ணு” என்றார் கணக்கு எழுதும் பெரியவர்.

தரவுத்தளத்திலும் இதே நிலைதான். பதிவுகள் நீக்கப்படும்; மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் இன்னோடிபி சேமிப்பு அமைப்பில் ஒரு பரிவர்த்தனை (ஒன்றாகவே முடிய வேண்டிய கட்டளைத் தொகுதி) பாதியில் கைவிடப்பட்டால், அது எடுத்த தானியங்கி எண் திரும்பி வராது. ஆகவே ஆயிரம் எண் அகல வரம்பில் ஆயிரம் பதிவுகளும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். மிகப் பெரிய எண் 50,000ஐத் தாண்டியிருந்தால், என் ஐம்பது சுற்றுகள் மீதிப் பதிவுகளைத் தொடாமலேயே நின்றுவிடும். பிழைச் செய்திகூட வராது.

ஒவ்வொரு சுற்றிலும் சரியாக ஆயிரம் வேண்டுமானால், கடைசியாகப் படித்த திறவை நினைவில் வைத்து, அதைவிடப் பெரியவற்றை ஆர்டர் பை மூலம் வரிசைப்படுத்தி, ஆயிரத்தோடு நிறுத்தச் சொல்லும் லிமிட் 1,000 சேர்த்துக் கேட்க வேண்டும். ஆர்டர் பை இல்லாமலும் பெரும்பாலும் வரிசையாகவே வரும் என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது மட்டும், முன்கூட்டியே வகுத்த எண் வரம்புகளை நான் விரும்புவேன்; ஒரு சுற்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

முதலில் இத்தனை பதிவுகளைத் தாண்டு என்று சொல்லும் ஆஃப்செட் எழுதினால் என்ன என்று வகுப்பில் பலர் கேட்டனர். ஆஃப்செட் 40,000 என்றால் சேவையகம் அந்த 40,000 பதிவுகளையும் கடந்து சென்று, அவற்றைக் கழித்துவிட்டுத்தான் அடுத்த ஆயிரத்தைத் தரும். ஐம்பது சுற்றுகளையும் கூட்டினால் 12,75,000 பதிவுகளைப் படிக்க நேரும். தேவையானதோ 50,000 மட்டுமே. திறவு வரம்பில் இந்த வீண்வேலை இல்லை. இன்னோடிபி பதிவுகளைப் பிரைமரி கீ வரிசையிலேயே பி பிளஸ் மரமாக (மேலிருந்து படிப்படியாக இறங்கித் தேடும் அமைப்பாக) அடுக்கிவைக்கிறது. மரத்தில் இறங்கித் தொடக்க எண்ணைப் பிடித்ததும், பதிவுகள் இருக்கும், ஒன்றோடொன்று கோக்கப்பட்ட அடிமட்ட இலைப் பக்கங்களின் வழியே நடந்தால் போதும்.

எண்ணை எழுத்துச் சரமாகச் சேமித்திருந்தால் “1000” என்பது “9”க்கு முன்னால் நிற்கும் என்பதையும், கிளை அலுவலகமும் ரசீது எண்ணும் இதே வரிசையில் சேர்ந்த கூட்டுத் திறவில், கிளையைச் சொல்லாமல் ரசீது வரம்பை மட்டும் கேட்டால் அந்த மரத்தில் நேரே இறங்க இயலாது என்பதையும் தேர்வுக்கு முன் நீங்களே செய்து பாருங்கள். கட்டளையைச் சேவையகம் எப்படி நிறைவேற்றும் என்று காட்டும் எக்ஸ்பிளெயின் முடிவில் டைப் என்ற புலத்தில் ரேஞ்ச் என்று வருகிறதா என்று கவனியுங்கள். அருகே காட்டப்படும் பதிவு எண்ணிக்கை வெறும் மதிப்பீடுதான்.

மறுதேர்வில் இதே வினா வேறு வடிவில் வந்தது. விடைத்தாளின் ஓரத்தில் பத்து எண்களை எழுதி, மூன்றை அடித்துவிட்டு, என் கட்டளை அவற்றின் மேல் எப்படி நகர்கிறது என்று பென்சிலால் தொடர்ந்து பார்த்த பிறகே பேனாவை எடுத்தேன்.