அரை நிமிடக் கரகரப்பு

ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வர முடியாமல் போனபோது, பாத்திரம் தேய்த்தே அலுத்துப்போய் 2021இல் டிஷ்வாஷர் வாங்கினோம். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை அது கழுவிக் கொடுத்த அன்றுதான் அம்மாவுக்கு அதன்மேல் மரியாதை வந்தது. அப்படிப்பட்ட இயந்திரம் போன மாதம் ஒரு ராத்திரி, கதவைச் சாத்தியதும் மிக்ஸி ஜாருக்குள் ஸ்பூன் விழுந்ததுபோல் கத்தியது.

முதலில் பாத்திரம் இடிக்கிறது என்றுதான் நினைத்தேன். நம் வீட்டுக் குழம்புக் கரண்டிகள் நீளம். கூடையில் நிற்க வைத்தால் காம்பு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றித் தண்ணீர் பீச்சும் கையைத் தடுக்கும். கரண்டிகளைப் படுக்க வைத்தேன். கையை விரலால் சுற்றிப் பார்த்தேன், தடையில்லாமல் சுற்றியது. சத்தம் மட்டும் போகவில்லை.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் சொன்னேன். முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "பம்ப் போயிருக்கும் சார், மாத்திடலாம்" என்றார். எந்த பம்ப் என்று கேட்டதும் கொஞ்சம் தடுமாறினார். கேட்டதற்குக் காரணம் இருந்தது. இதில் பம்ப் இரண்டு. ஒன்று தண்ணீரைப் பாத்திரங்கள்மேல் அடிப்பது, இன்னொன்று அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுவது.

அடுத்த நாள் வாஷர் முன்னால் தரையில் உட்கார்ந்து, முழு ஓட்டத்தையும் காதால் பார்த்தேன். ஆரம்பித்ததும், மிச்சத் தண்ணீரை வெளியேற்றும் அரை நிமிடம் கரகர. அப்புறம் தண்ணீர் நிரம்பும்போது அமைதி. கழுவும்போதும் வழக்கமான சளசளப்புதான். முதல் கழுவல் முடிந்து தண்ணீரை வெளியே தள்ளும்போது மறுபடி கரகர. சரி, கழுவும் பம்ப் நன்றாக இருக்கிறது, கோளாறு வெளியேற்றும் பம்பில்தான். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நான் அவசரத்தில் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பிரிப்பதற்கு முன் சுவரிலிருந்து 16 ஆம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஈரத்துக்குள் கை விடும் தைரியம் எனக்கு இல்லை. கீழ்க் கூடையை வெளியே எடுத்து, ஃபில்டரைத் திருகித் தூக்கினேன். அடியில் குழியில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் நின்றது. அது எப்போதும் கொஞ்சம் நிற்கும், பயப்பட வேண்டியதில்லை. ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். உள்ளே உடைந்த கண்ணாடி கிடக்கலாம் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விரலை விட்டேன்.

எங்கள் மாடலில் குழியின் பக்கவாட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி, அதன் பின்னால்தான் பம்பின் இறக்கை. ஸ்பூன் காம்பால் நெம்பினால் மூடி வந்துவிட்டது. சில மாடல்களில் திருகு போட்டிருப்பார்கள், அங்கே நெம்பினால் உடையும். இறக்கையைத் திருப்பினேன். லேசாகச் சுற்றாமல் விட்டு விட்டுத் துள்ளியது. "ஐயோ, நிஜமாவே போச்சு" என்று நினைத்தேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது: உள்ளே காந்தம் இருப்பதால் அது அப்படித்தான் துள்ளித் துள்ளித் திரும்பும்.

இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே கறுப்பாக ஏதோ சிக்கியிருந்தது. இடுக்கியால் இழுத்தால், புளியங்கொட்டை. ஒரு பக்கம் தேய்ந்து மழுங்கியிருந்தது. கூடவே கடுகு நாலைந்து, கறிவேப்பிலைக் காம்பு ஒன்று.

ஃபில்டர் இருக்கும்போது இவ்வளவு பெரிய கொட்டை எப்படி உள்ளே போனது? ஃபில்டரைக் கழுவி மாட்டும்போது கடைசியில் 'டக்'கென்று பூட்டும்வரை திருக வேண்டும். வெறுமனே உட்கார வைத்துவிட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், சட்டியில் ஒட்டிய எதுவும் அதன் வழியே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் ஃபில்டர் கழுவும் பொறுப்பு யாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அம்மா விடவில்லை.

மூடியை அழுத்தி, ஃபில்டரைப் பூட்டி, பூட்டியதை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுக் காலியாகவே ஓட்டினேன். சிங்க் அடியில் குழாயில் தண்ணீர் மடமடவென இறங்கும் ஓசை மட்டும் வந்தது.

"இதுக்கா பம்ப்பை மாத்தச் சொன்னான்?" என்று அம்மா அந்தக் கொட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தாள். தூக்கிப் போடவில்லை. அது இன்னும் வாஷர் மேலேயே இருக்கிறது, நான் ஃபில்டர் கழுவப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற மாதிரி.