மருந்து கவுன்ட்டரில் "புரிஞ்சுதா?" வேண்டாமே

மருந்தைக் கொடுத்துட்டு "புரிஞ்சுதாம்மா?"ன்னு கேட்டா எழுதப் படிக்கத் தெரியாதவங்க தலையைத்தான் ஆட்டுவாங்க. பின்னாடி வரிசை நிக்குது, கூச்சம் வேற. அதுக்குப் பதிலா "வீட்டுக்குப் போய் இந்தப் பொடியை எப்படிக் கரைப்பீங்க, சொல்லுங்க பாப்போம்"னு கேளுங்க. எங்க இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

வயித்துப்போக்குக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையே எடுத்துக்குங்க. 20.5 கிராம் பாக்கெட் முழுசும் ஒரு லிட்டர் தண்ணிக்கு. கடையில கிடைக்கிற 4.2 கிராம் சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெருசை ஒரு டம்ளர்ல கொட்டிக் கலக்கினா உப்பு மிஞ்சி, குழந்தையோட ரத்தத்துல சோடியம் ஏறிடும். பாதிப் பொடியை நாளைக்குன்னு மடிச்சு வச்சாலும் அளவு கெடும். "ஒரு லிட்டர்"னு வாயால சொல்றது பத்தாது. காலி லிட்டர் பாட்டில் ஒண்ணைக் கவுன்ட்டர்லயே வச்சு, கழுத்து வரைக்கும் தொட்டுக் காட்டுங்க. கரைச்சது 24 மணி நேரம்தான். "நாளைக்கு இதே நேரம் மிச்சத்தைக் கொட்டிடுங்க"ன்னா மனசுல நிக்கும்.

சிரப்புக்கு வீட்டு ஸ்பூன் வேண்டவே வேண்டாம், ஒவ்வொண்ணும் ஒரு அளவு. மூடியில 5 மில்லி கோட்டை மார்க்கர்ல கருப்பாக்கிக் கொடுங்க.

எனக்கு அதிகம் பயம் கம்பெனி மாறும்போதுதான். மாத்திரை நிறம் மாறினா, ரெண்டும் ஒரே மருந்துன்னு தெரியாம பழைய வெள்ளையையும் புது ரோஸையும் சேர்த்தே முழுங்கிடுவாங்க. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரை மாத்திரைன்னா, சர்க்கரை ரொம்ப இறங்கி மயக்கம் வரைக்கும் போகும். பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, ரெண்டையும் பக்கத்துல வச்சு, "அதுக்குப் பதிலாத்தான் இது"ன்னு காட்டிட்டு, பழசை எப்ப நிறுத்துவாங்கன்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க.